கோடுகள் காட்டிய வழி

தென்காசிக்கு அணித்தே, திரிகூடமலையினின்று வீழ்கிறது குற்றால அருவி. சாரல் பொழியும் ஆனி, ஆடித் திங்கள்களில் அதில் நீராட மக்கள் திரள் திரளாகச் செல்வர். தென்காசியில் வாழ்ந்த முதிய தமிழாசிரியர் ஒருவரும் ஆண்டுதோறும் தம் பேத்தியுடன் அங்குச் செல்லும் வழக்கமுடையவர். ஓராண்டு அவர் செல்லவில்லை. வீட்டின் வாயில் நிலையருகே வந்ததும் அவருடைய கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டன. உள்ளம் ஏவியும் கால் எழவில்லை.

அவரைப் பற்றியிருந்தது நடுக்குவாதம். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டில் இந்நோயை விரித்து எழுதினார். ஆதலின் உலகம் இதனை அவர் பெயராலேயே வழங்குகிறது. மூளையில் டோபமைன் என்னும் பொருளை உண்டாக்கும் நுண்ணறைகள் நாளடைவில் அழிவதனால் இந்நோய் வளர்கிறது. நாம் எண்ணாமலே நடக்கிறோம். இந்நோயுற்றவரோ ஒவ்வோர் அடியையும் எண்ணி எடுத்து வைக்க வேண்டியவராகிறார். மருந்து உடலின் விறைப்பைத் தணிக்கும். எனினும், கால் உறைந்து நிற்கும் இடர் மருந்தினால் மட்டும் முற்றும் நீங்குவதில்லை.

ஆயின், ஒரு வியப்பு! சமதரையில் தயங்கிய அவர் கால்கள் மாடிப்படிகளில் தடையின்றி ஏறின. இதனைக் கண்ட பேத்தி, "தாத்தா, படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரிவதனால் கால் எழுகிறது போலும்!" என்றாள். இயன்முறை மருத்துவரும் அதனை ஒப்பினார். உடனே அவள் கூடத்துத் தரையில், ஓர் அடிவைப்புக்கு ஒன்றாகச் சுண்ணாம்பினால் குறுக்குக் கோடுகள் வரைந்தாள். முதியவர் ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி வாயிலை அடைந்தார்!

கண்ணும் செவியும் துணைசெய்யின், மூளையின் பிற வழிகள் நடையைச் செலுத்த முன்வருகின்றன. இவ்வுண்மையைக் கொண்டே அறிஞர் பல கருவிகளை அமைத்துள்ளனர். சில ஊன்றுகோல்கள் தரையில் ஒளிக்கோடு வீழ்த்தும். 2017 ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர் லேசர் ஒளிக்கோடு காட்டும் காலணிகளைச் சோதித்து, நடை தடைப்படுவது குறைவதைக் கண்டனர். சீராகத் தட்டும் தாளக்கருவியும், ஓடும் பட்டையின்மேல் நடக்கும் பயிற்சியும் துணைபுரிகின்றன. இவை எல்லார்க்கும் ஒரே அளவிற் பயன் தருவனவல்ல. ஆதலின் அவரவர்க்கு ஏற்றதை மருத்துவர் துணையுடன் தேர்தல் வேண்டும்.

உடல் தளர்ந்தாரைக் கைவிடலாகாது என்பது அப்பகுதிக்குப் புதிய பாடமன்று. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981 ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய இராமகிருட்டிணன், இளமையில் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவரே அல்லரோ!

மறு ஆண்டு சாரல் தொடங்கியது. ஆசிரியர் பேத்தியின் கைபற்றிக் குற்றாலம் சென்றார். வழுக்கும் பாறையை அவர் நாடவில்லை. கூட்டத்தினிடையே கால் நின்றபோது பேத்தி மெல்லத் தாளமிட்டு, "ஒன்று, இரண்டு" என்றாள். கால் எழுந்தது. அருவியின் திவலைகள் முகத்திற் படும் இடம் வரை சென்று, அவர் கைகூப்பி நின்றார். அவர் கைகளில் நடுக்கம் இருந்தது. முகத்தில் மகிழ்ச்சியும் இருந்தது.