கூடம் விட்டு வீடு வந்த விளையாட்டுகள்

யப்பான் தேசத்துத் தலைநகராகிய தோக்கியோவிலே அகிஹபாரா என்றொரு பகுதி உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்த கையோடு வானொலி உதிரிப்பாகங்களைக் கூவி விற்ற சிறு வியாபாரிகளால் வளர்ந்த இடம் அது. வானொலிக்குப் பின் குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, கணினி என்று காலந்தோறும் சரக்கு மாறிற்று. 'மின்சார நகர்' என்ற பட்டம் மட்டும் மாறவில்லை. 2025 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அந்நாட்டுக்குச் சென்ற நாம், பழம்பெரும் ஆலயங்களையும் பூங்காக்களையும் கண்டுகளித்தபின், ஒரு முழுநாளை அகிஹபாராவுக்கென்றே ஒதுக்கினோம். எம்முடன் வந்த பதினான்கு வயது மகனின் விருப்பத்துக்காகவே செல்கிறோம் என்று வெளியிற் சொல்லிக்கொண்டோமாயினும், நாற்பதைக் கடந்த எமக்கும் அவ்விருப்பத்திற் பங்கு உண்டு.

பிரதான வீதியை விட்டு ஓர் ஒழுங்கையில் திரும்பி, எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒதுங்கவேண்டிய அளவுக்கு ஒடுங்கிய படிக்கட்டில் ஏறினோம். மேலே பழைய வீடியோ விளையாட்டுகளை விற்கும் கடை. தரை முதல் கூரை வரை அடுக்குகள். அடுக்குகளில் உள்ளங்கையளவான கசெட்டுகள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். யப்பானியரும் இவற்றைக் 'கசெட்' என்றே அழைக்கின்றனர். வெயில்பட்டு மஞ்சளித்துப்போன விளையாட்டுப் பெட்டிகள் ஒரு மூலையிற் குவிந்திருந்தன. சில கசெட்டுகளின் முதுகில், முன்னொருநாள் அதனை வைத்திருந்த பிள்ளை கறுப்பு மையினால் எழுதிய பெயர் அழியாமல் இருந்தது. அடுத்த வீட்டுக்கு இரவல் போன பொருள் திரும்பி வரவேண்டுமே என்ற கவலை அந்த எழுத்தில் தெரிந்தது. வாங்க வந்தவரிற் பெரும்பாலோர் எமது வயதினர். தேடியதைக் கண்டதும் அவர்கள் முகம் மலர்ந்ததைக் காண, பழைய பாடசாலைத் தோழனைச் சந்தையிற் சந்தித்தவர் நினைவுக்கு வந்தனர்.

கூடமும் வீடும்

இவ்விளையாட்டுகளின் வரலாற்றை அறியாத வாசகருக்காகச் சிறிது கூறுதல் வேண்டும். முதலில் இவை வீட்டுப் பொருள்களாக இருக்கவில்லை. நாணயமிட்டு ஆடும் விளையாட்டுக்கூடங்களிலேதான் இவை பேர்பெற்றன. 1978 இல் தைத்தோ கொம்பனியைச் சேர்ந்த தொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை ஆக்கினார். வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசையில் 55 வேற்றுலக உயிர்கள் பக்கவாட்டில் நகர்ந்து மெல்ல மெல்லக் கீழிறங்கும். ஆடுபவர் கீழே நின்று சுடவேண்டும். உயிர்கள் குறையக் குறைய எஞ்சியவற்றின் வேகம் கூடும். இவ்வேகம் முதலில் திட்டமிட்டதன்று. எண்ணிக்கை குறைந்தால் பொறிக்கு வேலையும் குறையும். வேலை குறைந்தால் படம் விரைந்து நகரும். அதனாற் பிறக்கும் பதைபதைப்பே ஆட்டத்துக்கு உயிரென்று கண்ட நிஷிகாடோ, அதை அப்படியே விட்டுவிட்டார். யப்பானில் இவ்வாட்டம் ஒன்றையே வைத்து நடத்திய கூடங்களும் தோன்றின. ஒருமுறை ஆட 100 யென் நாணயம் ஒன்று.

கூடத்திலே நின்று ஆடிய பிள்ளை, இது வீட்டிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குதல் இயல்பே. ஆனால் கூடத்துப் பொறி பெரியது. அதன் விலையோ குடும்பத்துக்கு எட்டாதது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டி எளியது. 1977 இல் அமெரிக்காவில் வெளிவந்த அற்றாரிப் பெட்டியின் தற்காலிக நினைவகம் 128 பைற்று மாத்திரமே; ஆங்கில எழுத்தில் எழுதினால் ஏறத்தாழ இரண்டு வரிக்கு அது போதும். அத்துணைச் சிறிய இடத்திலேதான் கூடத்துப் பெரிய ஆட்டத்தைக் கொண்டுவந்து அமர்த்தவேண்டியிருந்தது.

எதை விடுவது, எதைக் காப்பது?

அமர்த்தியவர்களின் திறமை இங்கேதான் வெளிப்படுகிறது. 1980 இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அற்றாரிப் பெட்டிக்கு வந்தபோது, 55 உயிர்கள் 36 ஆகின, உருவங்களும் மாறின. ஆயினும் எஞ்சியவை விரைந்தோடும் அந்தப் பதைபதைப்பு மாத்திரம் கைவிடப்படவில்லை. கூடத்திலே இல்லாத புதுமைகளும் சேர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அசையும் அரண்கள், இருவர் ஒருங்கே ஆடும் முறை என ஒரே கசெட்டில் 112 வகை ஆட்டங்கள் இருந்தன. இக்கசெட்டுக்காகவே பெட்டியை வாங்கினோர் பலர்.

எல்லா முயற்சியும் இவ்வாறு கைகூடவில்லை. நம்கோ கொம்பனியின் தோரு இவாத்தானி 1980 இல் ஆக்கிய 'பக்மான்' 1982 இல் அதே பெட்டிக்கு வந்தது. துரத்தும் பேய்கள் நான்கு; அவை அனைத்தையும் ஒரே கணத்தில் வரைந்து காட்டும் வலு பெட்டிக்கு இல்லை. ஆகவே ஒன்று மாறி ஒன்றாக வரைந்தனர். பேய்கள் மின்மினிபோல் மினுக்மினுக்கென்று மறைந்து தோன்றின. கூடத்து ஆட்டத்தின் அழகிய வர்ணமும் இனிய ஓசையும் போயின. கசெட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன என்பது மெய். வாங்கிய பிள்ளைகள் ஏமாந்தனர் என்பதும் மெய். மறு ஆண்டு அமெரிக்க விளையாட்டு வணிகம் சரிந்தபோது, விற்காத அற்றாரிச் சரக்குகள் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டி, நசுங்கிய கசெட்டுகளை மீண்டும் வெளியே எடுத்தார்கள். வேண்டாமென்று புதைத்ததையே முப்பதாண்டின் பின் நூதனசாலையில் வைக்க விரும்பினர்!

யப்பானில் நிகழ்ந்தது வேறு. 1983 யூலை 15 ஆந் திகதி நின்டென்டோ கொம்பனி 'பமிலி கொம்பியூட்டர்' என்னும் பெட்டியை 14,800 யென் விலைக்கு விற்பனைக்கு விட்டது. அன்று அதனோடு வந்த ஆட்டங்கள் மூன்று: 'டொங்கி கோங்', 'டொங்கி கோங் ஜூனியர்', 'பொப்பாய்'. மூன்றுமே கூடத்திலிருந்து வந்தவை. பெட்டியை வடிவமைத்த மசயுகி உயெமுராவும் குழுவினரும், ஷிகெரு மியாமோத்தோ 1981 இல் ஆக்கிய 'டொங்கி கோங்' வீட்டிலே ஆடக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதையே தம் இலக்காகக் கொண்டிருந்தனர். அவ்வளவு முயன்றும் முழுமை கிட்டவில்லை. கூடத்துத் திரை நெட்டையானது, வீட்டுத் திரையோ அகலமானது. எனவே குரங்கு ஏறிநிற்கும் இரும்புச் சட்டக் கோபுரம் உயரம் குறைந்தது. கூடத்தில் நான்கு கட்டங்கள் இருக்க, சீமெந்துத் தட்டுகள் நகரும் கட்டம் வீட்டுக் கசெட்டில் விடுபட்டது. நாயகியைத் தூக்கிக்கொண்டு குரங்கு மேலேறும் தொடக்கக் காட்சியும் இல்லை. அந்தக் கசெட்டின் கொள்ளளவு 24 கிலோபைற்றே.

மகன் கேட்ட கேள்வி

இந்தக் கதையின் ஒரு நுனி எமது நாட்டையும் தொட்டது. 1990 களில் அப்பெட்டியின் போலிகள் தென்னாசியா எங்கும் பரவின. பல ஆட்டங்களை ஒன்றாய் அடைத்த மஞ்சட் கசெட்டுகள் அவற்றோடு வந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 இன் பின் மின்சாரமே இல்லாதிருந்தமையால், நாம் அவற்றைக் கண்டது கொழும்புக்கு வந்த பிறகு, வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டிலேதான். ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு கைப்பிடிகள். யாருக்கு அடுத்த முறை என்பதற்காகவே நாளொன்றுக்கு நான்கு வழக்கு நடக்கும். பெரியம்மா விளக்கை அணைத்தால் மட்டுமே தீர்ப்பு. கூடம் என்றொன்று உண்டென்பதோ, நாம் ஆடுவது பிரதியின் பிரதியென்பதோ எமக்குத் தெரியாது.

அகிஹபாராவிலே ஒரு சிறு கூடத்தில் மூலப் பொறியின் முன் நாம் நின்றபோது, எம் வாழ்நாளில் முதன்முறையாக அந்தச் சீமெந்துக் கட்டத்தைக் கண்டோம். நன்றாகவே இருந்தது, ஆயினும் பிறர் வீட்டுக்குள் தவறி நுழைந்தவர்போலக் கூச்சமாயும் இருந்தது. கடைக்குத் திரும்பி அதே ஆட்டத்தின் பழைய கசெட்டை நாம் கையில் எடுத்தவேளை மகன் கேட்டான்:

"அப்பா, கூடத்தில இருந்த ஆட்டத்தை முழுசா இப்ப வீட்டிலையே விளையாடலாம். பிறகேன் ஒரு கட்டம் குறைஞ்சதைக் காசு குடுத்து வாங்கினம்?"

அவன் சொன்னது சரியே. மூல ஆட்டம் 2018 முதல் இன்றைய நின்டென்டோப் பொறியில் ஒரு குறையுமின்றி விலைக்குக் கிடைக்கிறது. அவ்வாறிருக்கக் குறைந்ததை நாடுவது வெறும் மயக்கந்தானா? வகுப்பறையிற் கேட்கும் கேள்விகளுக்கு உடனே விடை சொல்லிப் பழகிய எமக்கு, இதற்கு விடை சொல்ல அன்று மாலைவரை சென்றது.

எமக்குத் தோன்றிய விடை இது. கூடத்து ஆட்டமும் வீட்டு ஆட்டமும் ஒன்றன்று. கூடத்துப் பொறி நாணயத்துக்காக ஆக்கப்பட்டது. ஆடுபவனைச் சில நிமிடங்களில் தோற்கடித்து மீண்டும் நாணயம் கேட்பதே அதன் தொழில். அங்கே பிள்ளை அந்நியர் நடுவே, கையிலுள்ள காசை எண்ணியபடி நிற்கிறது. அதே ஆட்டம் வீடு வந்ததும் நாணயம் ஒழிந்தது. தோற்றவன் மறுபடி ஆடலாம். தெரியாதவன் தமக்கையைக் கேட்டுக் கற்கலாம். பாயில் இருந்து பார்ப்பவனும் ஆட்டத்தைச் சேர்ந்தவனே. பெருங்காப்பியத்தைச் சிறுவருக்கெனச் சுருக்கி வசனமாக்கும் புலவர், கிளைக்கதையைத் தவிர்த்தாலும் கதையின் நாடியைத் தவறவிடார். அச்சிறு நூலை முதலில் வாசித்த பிள்ளை பின்னர் மூலத்தைக் கற்றுப் போற்றினாலும், கிழிந்த அந்தச் சிறுநூலை எறிய மனங்கொள்வதில்லை. ஒரு கட்டம் குறைந்த கசெட்டை வாங்குவோர் அந்தக் குறையையா வாங்குகின்றனர்? அதனைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களையன்றோ!

கூடங்கள் குறைந்த கதை

பிரதிக்கும் மூலத்துக்கும் இருந்த இடைவெளி பின்னர் விரைவில் ஒடுங்கிற்று. 1990 இல் ஒசாக்காவைச் சேர்ந்த எஸ்.என்.கே. கொம்பனி, கூடத்துப் பொறியையே வீட்டுப் பெட்டியாக்கி 'நியோ ஜியோ' என வெளியிட்டது; ஆனால் அதன் விலை செல்வந்தருக்கே உரியது. 1994 டிசெம்பரில் சோனியின் 'பிளேஸ்டேஷன்' பெட்டியோடு, நம்கோவின் 'ரிட்ஜ் றேசர்' என்னும் காரோட்டப் பந்தயம் கூடத்திலிருந்து வீடு வந்தது. 1999 இல் சேகாவின் 'டிரீம்காஸ்ட்' பெட்டிக்கு வந்த 'சோல்கலிபர்' கூடத்து மூலத்தையே விஞ்சிற்று. வீட்டிலுள்ளது சிறப்பானதாகிவிட்டால் கூடத்துக்குச் செல்ல யாருக்குக் கால் எழும்? அகிஹபாராவின் அடையாளமாக விளங்கிய சேகாவின் பெருங்கூடமொன்று, கொரோனாக் காலத்து 2020 ஓகஸ்ட் மாதத்தில் மூடப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் சேகா தன் கூடங்களின் பெரும்பங்கை வேறொரு கொம்பனிக்கு விற்றது; 2022 முதல் அவற்றின் பெயர்ப்பலகைகளும் மாறத் தொடங்கின.

ஒகுராவில் ஒரு நூதனசாலை

தோக்கியோவிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் கியோத்தோ நகரையடைந்து, அங்கிருந்து வேறு புகையிரதத்தில் ஒகுரா என்னும் சிறு நிலையத்தில் இறங்கினோம். தேயிலைக்குப் பேர்போன உஜி நகரைச் சேர்ந்த அமைதியான இடம். 1889 இல் கியோத்தோவிலே பூச்சீட்டுகள் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய நின்டென்டோ, 1969 இல் இங்கு கட்டிய தொழிற்சாலையில் முன்பு சீட்டுகளைச் செய்தது. பின்னர் பழுதான விளையாட்டுப் பெட்டிகளைத் திருத்திற்று. அக்கட்டடமே 2024 ஒக்டோபர் 2 முதல் நூதனசாலையாகத் திகழ்கிறது. வாயிலிற் சீட்டு வாங்கலாம் என்று எண்ணிச் செல்லவேண்டாம். நாம் சென்றபோது பெரும்பாலும் முன்கூட்டி விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கே அனுமதி கிடைத்தது.

மாடியிலே பெட்டிகளும் கசெட்டுகளும் கண்ணாடியின் பின் வரிசையாய் நிற்கின்றன. கீழே ஆடிப் பார்க்கும் பகுதி. அங்கு எம்மைக் கவர்ந்தது பிரமாண்டமான ஒரு கைப்பிடி. ஒருவரால் அதை இயக்க முடியாது. ஒருவர் திசையைப் பார்க்க, மற்றவர் பொத்தானை அழுத்தவேண்டும். நாம் திசைப் பக்கம் நின்றோம். மகன் பொத்தான் பக்கம் நின்றான். நாம் "இப்ப பாய்!" என்று கூவ, அவன் "அப்பா, முதலில வலப்பக்கம் போங்கோ!" என்று கடிந்தான். முன்னொருநாள் வெள்ளவத்தையிற் கேட்ட வழக்குகளில் இதுவும் ஒன்று.

பெட்டியை வடிவமைத்த உயெமுரா, 2004 இல் கொம்பனியை விட்டு நீங்கிப் பல்கலைக்கழகத்தில் இவ்விளையாட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்தும் கற்பித்தும் வந்து, 2021 டிசெம்பரில் காலமானார். ஆக்கியோர் ஒவ்வொருவராய் மறையும் காலம் இது. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 வீதமானவை இப்போது விற்பனையில் இல்லையென 2023 இல் வெளியான ஆய்வொன்று கண்டது. புகழ்பெற்றவை எப்படியும் பிழைக்கும். பெயரில்லாத சிறு பிரதிகளே முதலில் அழியும். மூலம் இருக்கிறதே, பிரதி எதற்கு என்று எவரும் இலேசிற் சொல்லிவிடுவர்.

எனவே, வீட்டுப் பரணில் பழைய பெட்டியோ மஞ்சட் கசெட்டோ கிடக்கக் காணும் வாசகர் அதைக் குப்பைக்காரரிடம் கொடுக்குமுன் ஒருகணம் பொறுப்பாராக. இயங்குமாயின் பிள்ளைகளை அழைத்து ஒருமுறை ஆடிக்காட்டுங்கள். இயங்காவிடினும், அதன் முதுகில் யாரேனும் பெயர் எழுதியிருக்கிறார்களா என்று திருப்பிப் பாருங்கள்.