ஃப்ரிஸ்டனின் மேற்கோள் கணக்கு

கார்ல் ஃப்ரிஸ்டனின் கூகுள் ஸ்காலர் பக்கத்தை ராத்திரி சும்மா திறந்து பார்த்தேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரர், மூளை ஆய்வாளர். ஹெச்-இண்டெக்ஸ் 200-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. அதாவது, ஒவ்வொன்றும் குறைந்தது 200 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 200-க்கும் மேல்! (ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் கிளப்பிவிட்ட கணக்கு இது. அன்றோடு ஆராய்ச்சியாளர்களுக்குத் தூக்கம் போச்சு.)

இத்தனை மேற்கோளுக்குப் பெரிய காரணம், 1990-களின் தொடக்கத்தில் ஃப்ரிஸ்டன் உருவாக்கி இலவசமாகவே கொடுத்த எஸ்.பி.எம். மென்பொருள். ஒரு வேலையைச் செய்யும்போது மூளையில் எந்தப் பகுதி கூடுதலாக இயங்குகிறது என்பதை ஸ்கேன் படங்களிலிருந்து புள்ளியியல் போட்டுச் சொல்லும். பயன்படுத்துகிறவர்கள் அவர் கட்டுரையைக் குறிப்பிடுவார்கள். நியாயம்தான். மூளை இயங்கும் விதத்தை விளக்க அவர் முன்வைத்த 'கட்டற்ற ஆற்றல்' கோட்பாடு வேறு கதை. துறைக்காரர்களே தலையைச் சொறிகிறார்கள்.

எனக்கு உறுத்துவது நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் விஷயம். 1957-இல் மூளை அறுவை மருத்துவர் ஸ்கோவில்லோடு அவர் எழுதிய கட்டுரைதான், புது நினைவுகள் உருவாக ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி வேண்டும் என்று காட்டியது. ஆயிரக்கணக்கில் மேற்கோள். ஹெச்-இண்டெக்ஸில் அதற்கு ஒரே ஒரு புள்ளி.

பிஎச்டி செய்யும் தம்பியிடம் புலம்பினேன். "வேலைக்கு அப்ளை பண்ணா அந்த ஹெச்-இண்டெக்ஸைத்தான் அண்ணே கேக்குறாங்க" என்கிறான்.