ஹுன்னஸ்கிரிய மலையில் தொலைந்த சாவி

கண்டி மாநகரிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் பிரயாணஞ் செய்தால் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூரை அடையலாம். சில கடைகள், ஒரு பஸ் தரிப்பிடம், நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மலைமேல் ஏறும் ஒரு குறுகிய பாதை, கடைத்தெரு இவ்வளவே. ஆயினும் நக்கிள்ஸ் மலைத்தொடரைக் காண வருவோர்க்கு இதுவே ஒரு வாயில். அந்தக் குறுகிய பாதை லூலுவத்தையையும் கோர்பெட் கணவாயையும் தாண்டி, மலைகளின் மடியில் ஒளிந்திருக்கும் மீமுரே கிராமம் வரை செல்கிறது. மடக்கிய கைவிரல்களின் முட்டுகளைப் போன்று சிகரங்கள் வரிசையாகத் தோன்றுவதனால், ஆங்கிலேயர் இம்மலைக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் தும்பர மலைத்தொடர் என்பர். 2010ஆம் ஆண்டில் இம்மலைக்காடு இலங்கையின் மத்திய உயர்நிலங்களுள் ஒன்றாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இத்தனை பெருமை வாய்ந்த வாயிலிலே, கையளவு கூட இல்லாத ஒரு சாவியைத் தொலைத்துவிட்டு அரை நாளுக்கு மேல் நின்ற கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சாலையும் சரித்திரமும்

எங்கள் பெரியம்மா ஹுன்னஸ்கிரியவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்திலே வசிக்கிறார். வயது எழுபத்தெட்டு. கொழுந்து பறித்த கை ஓய்ந்துவிட்டது. கண்ணிலே புரை படர்ந்துவிட்டது. கண்டியிலுள்ள ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். முன்பு ஒரு முறை குறித்த நாளிலே பஸ் தாமதித்ததனால் முறை தவறி, மறுபடியும் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. இம்முறையும் தவறிவிடக் கூடாதென்று, முதல் நாளே காரிற் சென்று அவரை அழைத்து வருவதென நானும் மனைவியும் தீர்மானித்தோம். பத்தாம் வகுப்பிற் படிக்கும் மகளும் உடன் வந்தாள்.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். தென்னக்கும்புர பாலத்திலே மகாவலி கங்கையைக் கடந்து, குண்டசாலை வழியாகச் சென்றோம். கண்டி அரசின் கடைசிச் சிங்கள மன்னனாகிய ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் விரும்பி வாழ்ந்த ஊர் அது. அவன் 1739இல் மறைந்த பின்னரே, மதுரை நாயக்கர் உறவினர் கண்டிச் சிம்மாசனம் ஏறினர். திகனையையும் தாண்டினால் தெல்தெனிய வரும். இன்று நாம் காண்பது புதிய நகரம். பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. 122 மீற்றர் உயரமான அந்த அணைக்கட்டு 1985இல் திறந்து வைக்கப்பட்டது. கடும் வரட்சி வந்து நீர் வற்றினால், மூழ்கிய ஊரின் இடிபாடுகள் இன்னும் வெளியே தலை காட்டுவதுண்டு.

அதற்கப்பால் மெதமஹனுவர. கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தப்பியோடி வந்து, 1815 பெப்ரவரி 18ஆந் திகதி பிடிபட்டது இப்பகுதியிலேதான். பிறகு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே காலமானான். அரசனுக்கே அடைக்கலம் கிடையாத அந்த மலைச்சரிவைத் தாண்டியதும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஹுன்னஸ்கிரிய வந்துவிட்டது.

ஓடையில் விழுந்த எண்

தோட்டத்துப் பாதை குண்டும் குழியுமாக இருந்தபடியால், காரைச் சாலையோரத்திலே நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்தோம். வழியில் ஒரு சிற்றோடை. கால் கழுவுவதற்காகக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த சாவி நழுவி நீரில் விழுந்தது. பாறைகளுக்கிடையே சுழித்தோடிய வெள்ளம் அதை எங்கே கொண்டு சென்றதோ, ஒரு மணி நேரம் முழங்காலளவு நீரில் துழாவியும் அகப்படவில்லை.

மனைவி ஒன்றுமே பேசவில்லை. பேசாதிருந்ததுதான் எனக்குத் தண்டனை. ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியான அந்தக் கார் எங்களிடம் வந்தபோதே, ஒரே ஒரு சாவிதான் இருந்தது. "இரண்டாவது சாவி ஒன்று செய்து வைத்துவிடுங்கள்" என்று அவள் மூன்று வருடமாகச் சொல்லி வந்தாள். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று நானும் மூன்று வருடமாகச் சொல்லி வந்தேன்.

கண்டியிலே இத்தகைய சாவிகளைச் செய்து கொடுக்கும் ஒரு தம்பியின் தொலைபேசி இலக்கத்தை நண்பர் ஒருவர் மூலம் பெற்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "காரின் பதிவுச் சான்றிதழ் எங்கே இருக்கிறது, சேர்?" என்பதே.

வீட்டில் அலுமாரியில் இருப்பதாகச் சொன்னேன். அவசரத்தை விளக்கினேன். நாளைக் காலை சத்திரசிகிச்சை என்றேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "விளங்குகிறது, சேர். ஆனால் சாவி இல்லாமல் காருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் எல்லாரும் சொந்தக்காரர் என்று நான் எப்படி நம்புவது? வரும் வழியில் உங்கள் வீட்டுக்குப் போய் மூலப் பத்திரத்தையே வாங்கி வருகிறேன். அதைத் தருகிறவர்கள் உங்களை அறிந்தவர்களாக இருந்தால் எனக்குப் போதும்."

எனக்குக் கோபம் வந்தது. என் காருக்கு நான் சாட்சி தேட வேண்டுமா? பக்கத்தில் நின்ற பெரியம்மாதான் என்னை அடக்கினார். "தம்பி, கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை. ஒண்ணும் கேட்காம வாறவனுக்குத்தான் பயப்படணும்" என்றார்.

வீட்டுச் சாவி அயல்வீட்டு ஆசிரியையிடம் இருந்தது. ஓய்வுபெற்ற சிங்கள அம்மையார். எங்கள் மகளுக்குக் கணிதம் கற்பித்தவர். அவரிடம் பேசியபோது அவரும் ஒரு கேள்வி கேட்டார்: "முன்பின் தெரியாத இளைஞன் ஒருவன் வந்து காரின் பத்திரத்தைக் கேட்டால், நீங்கள் அனுப்பியவன்தான் என்று நான் எப்படி அறிவேன்?" உடனே மகள் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "டீச்சர், வருகிறவரிடம் எங்கள் பூனையின் பெயரைக் கேளுங்கள். நாங்கள் அவருக்கு இப்போதே சொல்லி வைக்கிறோம்" என்றாள். எங்கள் பூனையின் பெயர் மிளகு. அந்த ஒரு சொல்லால் அலுமாரி திறந்தது. பத்திரம் கை மாறியது.

களிமண்ணும் தகரமும்

அந்தத் தம்பி வந்து சேரும் வரை பெரியம்மாவின் லயக் காம்பராவிலே தேநீர் அருந்தியபடி காத்திருந்தோம். அப்பொழுது எனக்கு றொபேர்ட் நொக்ஸ் நினைவுக்கு வந்தார். 1660 முதல் பத்தொன்பது வருடங்கள் கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்து தப்பிய அந்த ஆங்கிலேயர், 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலிலே கண்டியின் மலை வாயில்களை விவரித்திருக்கிறார். கணவாய்களிலே முட்கதவுகள் நின்றன, காவலர் இருந்தனர். கடந்து செல்பவன் களிமண்ணிற் பதித்த முத்திரையொன்றைக் காட்ட வேண்டும். முத்திரை எல்லார்க்கும் ஒன்றல்ல. போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய உருவம். சுமை தூக்குவோனுக்குக் காவடி சுமந்த உருவம். வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் வாளும் தரித்த உருவம். வந்தவனும் முத்திரையும் பொருந்தினால்தான் முட்கதவு திறக்கும்.

இதைச் சொன்னபோது பெரியம்மா, "எங்க தாத்தாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சாம். கழுத்துல கட்டின தகரம்" என்றார். அது கதையன்று, சரித்திரம். 1901 முதல் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்குத் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. மண்டபம் முதல் மலைநாடு வரை அந்த வில்லையே அவர்களது பயணச்சீட்டு. பயணச் செலவோ பின்னர் அவர்களது கடன். அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. அம்முறையை 1921இற் சட்டம் ஒழித்தது. கார் இன்னாருக்குச் சொந்தம் என்று இன்றைய சாவி சொல்கிறது. மனிதன் இன்ன தோட்டத்துக்குச் சொந்தம் என்று அன்றைய தகரம் சொன்னது. பெரியம்மா அதை எவ்விதக் கசப்புமின்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த என் மகளின் முகந்தான் வாடிப்போயிற்று.

கேள்வியும் பதிலும்

மாலை ஐந்து மணிக்கு அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முதலில் என் அடையாள அட்டையைப் பார்த்தார். பத்திரத்திலுள்ள பெயரோடு ஒப்பிட்டார். மெல்லிய கருவியொன்றினாற் கதவைத் திறந்து, காரின் உட்சட்ட இலக்கத்தையும் ஒப்பிட்டார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார். ஸ்டியரிங்கின் கீழே உள்ள துளையொன்றிலே கருவியின் வடத்தைச் செருகி, காரின் கணினியோடு பேசத் தொடங்கினார்.

மகள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் வேலை செய்தபடியே விளக்கினார். மாணவர்களுக்குப் பயன்படும் ஆகையால் அதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பழைய பூட்டுக்கு இரும்புப் பல் பொருந்தினாற் போதும். திருடனுடைய கம்பிக்கும் அது இணங்கிவிடும். இன்றைய சாவியினுள்ளே அரிசியளவான ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. காரை இயக்கும் பொத்தானின் அருகேயுள்ள கம்பிச்சுருள் காந்தப்புலத்தை எழுப்ப, அதிலிருந்தே சில்லு மின்சக்தியைப் பெற்று விழித்துக் கொள்ளும். காரின் கணினி ஓர் எண்ணை அனுப்பும். சில்லு தன்னிடமுள்ள இரகசிய எண்ணோடு அதைக் கலந்து கணக்கிட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். கணினியும் அதே கணக்கைச் செய்து பார்க்கும். விடை ஒத்திருந்தால் மாத்திரமே இயந்திரம் இயங்கும். ஐரோப்பாவிலே 1998 முதல் புதிய கார்களுக்கு இத்தகைய திருட்டுத் தடை கட்டாயமாக்கப்பட்டது.

"அப்படியானால் எங்கள் பூனையின் பெயர் மாதிரிதான்!" என்றாள் மகள்.

"அதைவிடக் கொஞ்சம் கெட்டித்தனம், தங்கச்சி" என்றார் அவர் சிரித்தபடி. "உங்கள் டீச்சர் கேட்டதை மறைந்து நின்று ஒருவன் கேட்டிருந்தால், நாளைக்கு அவனும் மிளகு என்று சொல்லிவிடுவான். கார் ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி கேட்கும். பழைய பதிலைத் திருடி வைத்திருப்பதில் பிரயோசனமில்லை."

ஒரு சாவி கையில் இருக்கும்போது இரண்டாவதைச் செய்வது இலகு. வீட்டுக்காரர் நிற்கும்போதே விருந்தாளியை அறிமுகஞ் செய்வது போன்றது அது. எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டாலோ, காரின் நினைவிலிருந்து பழைய சாவிகளை அழித்துவிட்டுப் புதியவற்றைப் பதிய வேண்டும். நேரமும் பணமும் பன்மடங்கு. ஒரு நன்மையும் உண்டு: ஓடையில் விழுந்த சாவி நாளை எவர் கையில் அகப்பட்டாலும், என் கார் அதை இனி அறியாது. தோற்றம் ஒன்றாயிருப்பதைக் கண்டு மலிவாகச் சாவி வாங்கி ஏமாறுவோரும் உளர். ஜப்பானின் உள்நாட்டுக் கார்களுக்குரிய சாவிகள் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய அலையிலும், ஐரோப்பியச் சாவிகள் 433 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய அலையிலும் பேசுகின்றன. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கேளாது.

இரவு எட்டு மணியளவில் பொத்தானை அழுத்தினேன். காரின் விளக்குகள் ஒளிர்ந்து, மூடுபனியில் இரண்டு வெண்ணிறப் பாதைகள் விழுந்தன. ஒன்றுக்கு இரண்டாகச் சாவி செய்வித்தேன். கேட்ட கூலியைக் கொடுத்தபோது, காலையிற் கோபப்பட்டதற்காக மன்னிப்பும் கேட்டேன். "எல்லாரும் முதலில் கோபப்படுவார்கள், சேர். கோபப்படாமல் கூடப் பணம் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடத்திற்குத்தான் நான் போவதில்லை" என்றார்.

அவரிடம் இருந்த பெட்டி எத்தனையோ கார்களைத் திறக்க வல்லது. அதை எந்தக் காருக்குத் திறப்பது, எதற்குத் திறக்காமலிருப்பது என்று அறிந்த மனந்தான் உண்மையான பூட்டு என்று இறங்கி வரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன்.

மறுநாட் காலையில் முறை தவறவில்லை. சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில வாரங்களுக்குப் பின் பெரியம்மாவை மீண்டும் ஹுன்னஸ்கிரியவிற்கு அழைத்துச் சென்றோம். அதே ஓடைக்கரையில் நின்று தேயிலைச் சரிவை நெடுநேரம் பார்த்தார். "ரெண்டு வருஷமா மலையில பனி விலகவே இல்லைன்னு நினைச்சேன், தம்பி. பனி கண்ணுலதான் இருந்திருக்கு" என்றார்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காருக்கு ஒரே சாவிதான் உண்டெனில், அது கையில் இருக்கும்போதே மற்றொன்றைச் செய்து கொள்ளுங்கள். சாவியின் சிறு பற்றரி தீர்ந்துவிட்டாலும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலான சாவிகளின் உள்ளே ஒளித்து வைத்த இரும்புச் சாவி கதவைத் திறக்கும். சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் கார் இயங்கும். பதிவுச் சான்றிதழ் இருக்கும் இடத்தை வீட்டார் எல்லாரும் அறிந்திருக்கட்டும். நம்பத்தக்க அயலவர் ஒருவரிடம் வீட்டுச் சாவி இருப்பது நல்லது.

எங்கள் இரண்டாவது சாவி இப்போது மனைவியின் கைப்பையில் இருக்கிறது. அதை அவள் என்னிடம் தருவதில்லை.