நெய்யாற்று முதலைகள்

களியக்காவிளையைக் கடந்தால் கேரளம் தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பாறசாலையை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தும் உறவு பிரியாத நாடு இது. தெருவில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன.

இவ்வட்டத்துக்குப் பெயரளித்த நெய்யாறு அகத்தியமலையிற் பிறந்து, பூவாற்றருகே கடலோடு கலக்கிறது. நெய்யாற்றின்கரையினின்று காட்டாக்கடை வழியே வடகிழக்காகச் சென்றால் நெய்யாறு அணையை அடையலாம். அங்கே 1977-இல் முதலைப் பண்ணை ஒன்று தொடங்கப்பெற்றது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு நம் நாட்டு முதலைகள் அருகிப்போயிருந்த காலம் அது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1975-இல் முதலைகளைப் பெருக்கும் திட்டம் பிறந்தது. 1976-இல் மாமல்லபுரத்தருகே வடநெம்மேலியிலும் ஒரு பண்ணை எழுந்தது.

நன்னீரில் வாழும் சதுப்பு முதலை, கரையிற் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிடும். ஒரு முறைக்கு ஏறத்தாழ இருபத்தைந்து முட்டைகள். குஞ்சு வெளிவர இரண்டு மாதம் ஆகும். பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது குழியின் வெப்பமே! 31 பாகை செல்சியசுக்கு உட்பட்டால் பெண், 32.5 பாகையில் ஆண். வடநெம்மேலியில் நிகழ்ந்த ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. உள்ளிருந்து குஞ்சுகள் கத்துவதைக் கேட்டுத் தாய் மண்ணை அகழ்ந்து, அவற்றை வாயிற் கவ்வி நீருக்குக் கொண்டு செல்லும்.

இயற்கையில் பறவையும் உடும்பும் மீனும் குஞ்சுகளிற் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பண்ணையிலோ பகையில்லை, ஆகவே இனம் விரைவிற் பெருகும். பெருகியவற்றை எங்கே விடுவது? நெய்யாற்று நீர்த்தேக்கத்தில் விடப்பட்டவை வளர்ந்தன. குளிக்கவும் மீன் பிடிக்கவும் அந்நீரையே நம்பிய கரையோர மக்கள் தாக்குண்டனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. முதலையைக் காக்க வேண்டும் என்பது மெய். ஆற்றில் இறங்கும் ஏழையின் உயிரும் காக்கத்தக்கதே. வளர்க்கும் கலை கைவந்த அளவுக்கு, வளர்ந்தவற்றுக்கு இடங்காணும் வழி கைவரவில்லை.

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளை அணைக்கு அழைத்துச் செல்க. முதலையின் பல்லைக் காட்டி அச்சுறுத்துவதோடு அமையாது, குஞ்சை வாயில் ஏந்தும் தாய்மையையும், அக்கரை மக்களின் துன்பத்தையும் எடுத்துரைப்பீர்களாக. இரண்டையும் அறிந்த தலைமுறையே நல்லதொரு தீர்வு காணும்.