நாற்று நடவு

சித்திரை பிறந்துவிட்டால் கோவை வடவள்ளியில் வாழும் அந்த முதிய தம்பதியரின் நாள் விடியற்காலை நான்கரை மணிக்கே தொடங்கிவிடும். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளாக இருந்தால் பெரியவர் முதலில் குழாயடிக்குப் போவார். குடங்கள் நிறைந்த பிறகுதான் காபி. வெயில் ஏறுவதற்குள் அம்மையார் மாடியில் வேட்டியை விரித்துக் கூழ் வடகம் பிழிந்துவிடுவார். திங்கட்கிழமைகளில் இருவரும் முதல் பேருந்தைப் பிடித்துப் பேரூர் சென்று, பட்டீசுவரரையும் பச்சைநாயகியையும் வணங்கி, வெயிலுக்கு முன்பே வீடு திரும்புவார்கள். ஐம்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் இந்த ஒழுங்கு பெரிதும் மாறியதில்லை.

பெரியவர் பஞ்சாலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தின் மங்கல நாட்களையெல்லாம் ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறார். அவர் பிறந்தது 1945ஆம் ஆண்டு, பார்த்திப வருடம் சித்திரை மாதம். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து 2005இல் அதே பார்த்திபம் திரும்பியபோது, திருக்கடையூரில் அபிராமியின் சந்நிதியில் மணிவிழா நடந்தது. எழுபதில் பீமரத சாந்தியை வீட்டிலேயே எளிமையாகச் செய்துகொண்டார்கள். அடுத்தது சதாபிஷேகம். ஆயிரம் முழுநிலவு கண்டவருக்குச் செய்வது அது. ஒரு நிலவுக்கும் அடுத்த நிலவுக்கும் இடையே ஏறக்குறைய 29.53 நாட்கள், ஆயிரம் நிலவுக்கு 29,530 நாட்கள், அதாவது எண்பது ஆண்டும் பத்து மாதமும். அக்கணக்கின்படி, விசுவாவசு வருடத்து மாசியில் அந்த நாள் வரும் என்று பெரியவர் பென்சிலால் எழுதி வைத்தார். சென்னையிலிருக்கும் மகனும் ஈரோட்டிலிருக்கும் மகளும் மண்டபம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த விசுவாவசு வருடக் கோடையில்தான் மனத்தைக் கலக்கும் சில காரியங்கள் நேர்ந்தன. ஒரு நாள் அம்மையார் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார், பாத்திரம் கரியாயிற்று. மற்றொரு நாள் இரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் உண்டு எழுந்தார். கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், பிற்பகல் உறக்கத்திலிருந்து எழுந்தவருக்கு எரிவாயு நெடி மூக்கில் ஏறியது. அடுப்பின் திருகு திறந்திருந்தது, தீ இல்லை. அவர் திருகை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, முற்றத்தில் நின்றார். கைகள் நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தன. அம்மையார் கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை பெரியவர் சொன்னார்: "இந்த வெயில்ல அடுப்புக்கிட்ட நிக்க வேண்டாம் அம்மிணி. வைகாசி முடியற வரைக்கும் வெளியிலயே சாப்பிட்டுக்கலாம்."

அம்மையார் வியந்தார். கல்யாணமான நாள் முதல் வெளியுணவு என்பது அவர்களுக்குத் திருநாள் போன்றது. மகன் பத்தாம் வகுப்பில் தேறியபோது, மகளின் நிச்சயதார்த்தம் முடிந்தபோது, முதல் பேரன் பிறந்த செய்தி வந்தபோது ஆர்.எஸ். புரம் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி சாப்பிட்டதுண்டு. அந்தப் புத்தகத்தில் அந்தச் செலவுகள்கூடத் தேதியோடு இருக்கின்றன. இப்போதோ நாள்தோறும் மதியம் அருகிலிருந்த மெஸ்ஸில் சாப்பாடு. மாலையில் பேருந்தேறி ஆர்.எஸ். புரம். அக்கம்பக்கத்தார், "இந்த வயசுல எவ்வளவு அன்னியோன்னியம்!" என்று மெச்சினார்கள்.

முதல் வாரம் மகிழ்ச்சியாகவே சென்றது. பிறகு அம்மையாரின் பேச்சு குறைந்தது. தட்டில் பாதி மீதமாயிற்று. ஒரு மாலை, இட்லியைத் தொடாமலே அவர் மெல்லக் கேட்டார்:

"ஏனுங்க, வெயிலுக்குன்னுதானுங்களே சொன்னீங்க? அப்புறம் அடுப்பு பத்தவைக்கிற லைட்டர் பீரோவுல துணிக்கு அடியில எதுக்குங்க இருக்குது?"

பெரியவரால் பதில் சொல்ல முடியவில்லை.

"எனக்கு மறக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? கருகின பாத்திரத்தைத் தேச்சது நான்தானுங்களே. நீங்க திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க. ஒண்ணுமே சொல்லாம என்னைய அடுப்படியில இருந்து வெளியேத்திட்டீங்களே."

அன்னபூரணியின் பெயர் தாங்கிய அந்த இடத்தில், ஐம்பத்தைந்து ஆண்டுகள் தமக்கு அன்னமிட்டவரின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு பெரியவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். தாம் கருணை என்று எண்ணிச் செய்தது அவருக்குத் தண்டனையாகப் போய்ச் சேர்ந்ததை அப்போதுதான் உணர்ந்தார்.

அந்த வாரமே இருவரும் மருத்துவரிடம் சென்றார்கள். இரத்தத்தில் பி12 சத்தும் தைராய்டும் பார்க்கப்பட்டன. சத்துக் குறைவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. முதுமையின் மறதியும் ஓரளவு இருக்கலாம், தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றார் மருத்துவர். பழகிய வேலைகளை அடியோடு நிறுத்திவிட வேண்டாம், பக்கத்தில் ஒருவர் துணையிருந்தால் போதும் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்ட பெரியவருக்கு, அந்தத் துணை யார், எப்படி என்பது மட்டும் விளங்கவில்லை. அடுப்படிப் பக்கம் அவர் தண்ணீர் குடிக்கக்கூடப் போனதில்லை.

ஆனி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசி வெப்பம் தணிந்தது. பேரூரில் நாற்று நடவு உற்சவம் வந்தது. அதன் வரலாறு கொங்கு நாட்டார் அறிந்ததே. சுந்தரர் பொருள் வேண்டித் தம்மை நாடி வருவதை அறிந்த இறைவன், தோழரிடம் சற்றே விளையாட எண்ணி, உழவராக உருக்கொண்டு, உழத்தியாகிய உமையம்மையுடன் வயலில் இறங்கி நாற்று நட்டார். நந்தி காட்டிக்கொடுக்க, சுந்தரர் வயலிலேயே அவர்களைக் கண்டுகொண்டார். பின்பு அவருக்குத் தில்லைத் திருநடனம் இத்தலத்தில் காட்டப்பெற்றது என்பது புராணம். மேலைச் சிதம்பரம் என்று பேரூர் பெயர் பெற்றதும் அதனால்தான்.

தம்பதியர் கூட்டத்தின் ஓரமாக நின்று அவ்விழாவைக் கண்டார்கள். எத்தனையோ ஆண்டுகள் கண்ட விழாதான். அன்று அம்மையார் கும்பிட்ட கையை எடுக்காமலே சொன்னார்:

"பாத்தீங்களா? சாமி மட்டும் சேத்துல இறங்கிட்டு, அம்மனைக் கரையில உக்கார வைக்கலீங்க. ரெண்டு பேருமாத்தான் குனிஞ்சு நட்டாங்க."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பீரோவிலிருந்து லைட்டரை எடுத்து வந்து அடுப்படியில் நின்றார். அம்மையாருக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "நீ சொல்லு அம்மிணி, நான் செய்யறேன்" என்றார்.

அன்று அரிசி பருப்புச் சோறு. இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், ஐந்தாறு பூண்டுப் பல், ஒரு தக்காளி, சீரகம், மிளகு, இறக்கும்போது நெய். காலையில் என்ன கிழமை என்று இருமுறை கேட்ட அம்மையாருக்கு, இந்த அளவுகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பெரியவர் அவற்றைக் கணக்குப் புத்தகத்தில் மங்கல நாட்களுக்கு அடுத்த பக்கத்தில் எழுதிக்கொண்டார். வெங்காயம் நறுக்கத் தெரியாமல் அவர் கண்ணைக் கசக்கியபோது அம்மையார் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. சோறு சற்றே குழைந்திருந்தது. இருவரும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு உண்டார்கள்.

இப்போது வெளியுணவு வாரத்தில் ஒரு நாள்தான். திங்களன்று பேரூர் தரிசனம் முடிந்ததும் நேரே ஆர்.எஸ். புரம். மறைக்க எதுவும் இல்லாததால் அந்த இட்லி பழைய சுவையைத் திரும்பப் பெற்றுவிட்டது. நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சில நாட்கள் தெளிவாகவும் சில நாட்கள் மங்கலாகவும் செல்கின்றன.

சதாபிஷேகத்துக்குப் பெரிய மண்டபம் வேண்டாம் என்று இருவரும் பிள்ளைகளிடம் தெரிவித்துவிட்டார்கள். கூட்டமும் சத்தமும் அம்மையாருக்குத் தடுமாற்றம் தரும். பேரூரில் அர்ச்சனை, வீட்டில் கலசாபிஷேகம், நெருங்கிய உறவினர் மட்டும். மகன் முதலில் வருந்தினார். பேத்திதான் தொலைபேசியில், "அப்ப நானும் வந்து அம்மாயிகிட்ட அரிசி பருப்பு கத்துக்கறேன், அப்பிச்சி" என்று சொல்லி வழக்கை முடித்து வைத்தாள்.

சதாபிஷேகத்தில் கலச நீரைக் கணவருக்கு மட்டும் வார்ப்பதில்லை. தம்பதியரை அருகருகே அமர்த்தி இருவர் தலையிலும் வார்ப்பதே மரபு. ஒருவருடைய ஆயிரம் நிலவில் மற்றவருக்கும் பங்கு உண்டு என்பதுதான் பெரியோர் வைத்த பொருள் போலும். முதுமையில் ஒருவருடைய குறையும் அப்படியே; அது இருவருக்கும் பொது.

சென்ற வாரம் ஒரு நாள், பெரியவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். இருட்டிலிருந்து அம்மையாரின் குரல் வந்தது: "ஏனுங்க, சிலிண்டரை மூடினீங்களா?"

பெரியவர் எழுந்து சென்று பார்த்தார். மூடவில்லை. மூடிவிட்டு வந்து, "நல்ல வேளை, நீ ஞாபகப்படுத்தினே" என்றார்.

"பட்டீசுவரா" என்று சொல்லி அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார்.