பாதையில் கிடந்த கண்ணாடித் துண்டு

 

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 45 கி.மீ. பேருந்தில் ஏறிச் சற்றே கண்ணயர்ந்தால் ஊர் வந்துவிடும். ஆனால், அச்சாலைக்குக் கிழக்கே கடலையொட்டி வேறொரு வழி உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சித்திரைப்பேட்டை, சாமியார்பேட்டை, புதுப்பேட்டை என மீனவ ஊர்களைத் தொட்டுச் சென்று, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையை அடைகிறது அது. ஓரிடத்தில் தார்ச்சாலை, ஓரிடத்தில் சவுக்குத் தோப்பின் ஒற்றையடித் தடம், ஓரிடத்தில் வெறும் மணல். பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் 1,400 கி.மீ. நீளமுள்ள கடற்கரைப் பாதையை 2012-இல் திறந்து, வழிநெடுக அடையாளப் பலகைகள் நட்டுள்ளனர். நம் கரையில் பலகைகள் இல்லை; கேட்டால் வழி சொல்லும் மனிதர்கள் இருக்கின்றனர்.

அவ்வழியே என்னை அழைத்துச் சென்றவன் என் மகன். வயது பதினைந்து. திருமறையை மனனம் செய்யத் தொடங்கி, பதினொரு ஜுஸ்உகளோடு நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போக விரும்பியவன். ஊர்ப் பிள்ளைகளை ஹாபிழ்களாக்கும் உஸ்தாதின் மகனே இப்படியா என்ற வெட்கத்தில் நான் கடுஞ்சொற்களைக் கொட்டிவிட்டேன். அதன்பின் இரண்டாண்டுகள் எங்களுக்கிடையே ‘ஆம்’, ‘இல்லை’ தவிர வேறு பேச்சில்லை. கடலூர் முதுநகரில் என் தமக்கை வீட்டிலிருந்து கடலோரமாகவே சைக்கிளில் ஊர் திரும்பப் போவதாக அவன் சொன்னபோது, “தனியாக வேண்டாம், அத்தாவோடு போ” என்றார் என் துணைவியார்.

ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். அலை நனைத்த மணல் இறுகிக் கிடக்கும். அதில் சக்கரம் ஓடும். உலர்ந்த மணலிலோ புதையும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது மணலில் அகன்று பதியும், அவ்வளவாகப் புதையாது என்பதை அவன்தான் எனக்குக் கற்றுத் தந்தான். இருபதாண்டுகள் கற்பித்தவன் அன்று மாணவனானேன்.

சாமியார்பேட்டைக்கு அருகே, சவுக்குத் தோப்பில் உடைந்த புட்டியொன்று என் சக்கரத்தைக் கிழித்தது. சலித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தால், அவன் குனிந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“நேரமாகிறது, வா” என்றேன்.

“பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நீங்கள்தானே அத்தா சொல்லித் தந்தீர்கள்?”

அந்த நபிமொழியை எத்தனை வகுப்புகளில் விளக்கியிருப்பேன்! என் முதுகு ஒருமுறையேனும் வளைந்ததுண்டா?

லுஹர் நேரம் வந்தது. ஒரு மீனவ மூதாட்டி உளூச் செய்யக் குடத்தில் நீர் தந்து, “நிழல்ல தொழுங்க பாய்” என்று வலைகளை ஒதுக்கி இடம் தந்தார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த கரை அது. எல்லாம் இழந்த கரையில், வந்தவருக்குத் தர இன்னும் நீரும் நிழலும் இருந்தன. கஸ்ருக்குரிய தூரமன்று, நான்கு ரக்அத்துகளையும் நிறைவாகத் தொழுதோம்.

பஞ்சர் ஒட்டும் கடை தேடி நடந்தோம். முன்னே சென்ற மகனிடமிருந்து மெல்லிய ஓசை கேட்டது. அவன் ஓதிக்கொண்டிருந்தான்! மறந்திருப்பான் என்று நான் முடிவு கட்டிய பகுதி. ஓரிடத்தில் தவறினான். திருத்த என் நாவு துடித்தது, அடக்கிக்கொண்டேன். நான்கடி நடந்ததும் அவனே திரும்ப ஓதிச் சரிசெய்துகொண்டான்.

மாலையில், மஹ்மூது பந்தர் என முன்னோர் அழைத்த பரங்கிப்பேட்டையை அடைந்தோம். 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதிய போர் இவ்வூரின் பெயராலேயே அறியப்படுகிறது என்று அவனிடம் சொன்னேன். அவன் கேள்விகள் கேட்டான். சிதம்பரம் வரை பேசிக்கொண்டே வந்தோம்.

வாசகப் பெருமக்களே! பூமியில் பயணம் செய்து சிந்திக்குமாறு திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. ஒரு விடுமுறை நாளில் உங்கள் பிள்ளையோடு நடந்து பாருங்கள். அவனை முன்னே விடுங்கள். நம் பிள்ளைகளின் பாதையில் கிடக்கும் கண்ணாடித் துண்டு, சில வேளை நம் நாவிலிருந்தே விழுந்ததாக இருக்கலாம். அதைக் குனிந்து எடுக்கும் பணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.