லாபம், ரெண்டு, மூணு...

கதவைத் திறந்ததும் கட்டிலைப் பார்த்து அப்பா இரண்டடி பின்வாங்கினார்.

கட்டிலில் இரண்டு அன்னப் பறவைகள். வெள்ளை டர்க்கி டவலை முறுக்கிச் செய்தவை. மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. சுற்றிலும் பூ இதழ்களால் பெரிதாக ஒரு ஹார்ட். தலையணைப் பக்கம் தென்னங்குருத்தைக் கிழித்து ஆங்கிலத்தில் 'ஹேப்பி ஆனிவர்சரி' என்று எழுதியிருந்தார்கள்.

"ஏலே, இது யாருக்கு?"

"நமக்குத்தான்ப்பா."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கதவுக்கு வெளியே பெட்டியோடு நின்ற ரூம் பாய் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். திருமணமாகி எட்டு வருஷம். ஹனிமூனுக்குக் குற்றாலம் போய், அருவியில் தண்ணீர் இல்லாமல் திரும்பியவர்கள் நாங்கள். அந்தப் பழி தீர, பல தவணைகளாகச் சேர்த்த பணத்தில் மாலத்தீவில் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் நாலு ராத்திரிக்கு ரூம் போட்டேன். கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை. கட்டிய பணம் திரும்பாது என்று புக்கிங் சீட்டிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். விமான டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியாது. ஆனால் ரூமில் யார் வேண்டுமானாலும் தங்கலாமாம்.

"பேசாம மாமாவைக் கூட்டிட்டுப் போங்க. அவர்தான் பாவம், மாலி மாலின்னு முப்பத்தோரு வருஷம் எழுதியே காலத்தை ஓட்டினார்" என்றாள் மனைவி. அவள் பெருந்தன்மையாகச் சொன்னாளா, கோபத்தில் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது.

அப்பாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. கொழும்பில் ஒரு கல்யாணத்துக்காக எடுத்து, போகாமலே பீரோவில் கிடந்தது. அம்மாவிடம் அதுவும் இல்லை. ஆக, ஹனிமூன் தீவுக்கு நானும் அப்பாவும்!

அப்பா தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் டாலி கிளார்க். 1976-ல் சேர்ந்து 2007-ல் ஓய்வு. துறைமுகத்திலிருந்து மாலிக்குப் போகும் தோணிகளில் ஏறும் மூட்டைகளை எண்ணி எழுதுவதுதான் வேலை. வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் வத்தல், செங்கல், சிமென்ட், ஜல்லி. அவருக்கு மாலே கிடையாது; 'மாலி'தான். பள்ளிக்கூடத்தில் 'தந்தை தொழில்' என்ற இடத்தில் நான் 'ஏற்றுமதி' என்று எழுதி, ஒரு வருஷம் ஸ்காலர்ஷிப்பைக் கோட்டை விட்டது தனிக் கதை.

தோணியில் ஒரு நடை மாலி போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. முதலாளி ஒவ்வொரு வருஷமும் "அடுத்த சீசன்ல பாப்போம்" என்பார். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தோணி ஓடாது. காற்று ஓய்ந்து மறுபடி ஓடத் தொடங்கும்போது வேலை தலைக்கு மேல் இருக்கும். அப்படியே முப்பத்தோரு சீசன்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால், கொடுத்த சாண்ட்விச்சை முடிப்பதற்குள் மாலத்தீவு. "தோணிக்கு மூணு நாலு நாளாகும்லே" என்றார் அப்பா, யாரோ ஏமாற்றிவிட்டது போல. மேலிருந்து பார்த்தால் நீலப் புடவையில் பச்சைப் பொட்டு பொட்டாகத் தீவுகள். மொத்தம் 1192. ஜனங்கள் வசிப்பது அதில் சுமார் இருநூறில்தான். கடல் மட்டத்திலிருந்து சராசரி உயரம் ஒன்றரை மீட்டர். எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டியின் ஏணி இதைவிட உயரம். விமான நிலையமே ஒரு தனித் தீவு. வெளியே வந்தால் டாக்ஸி ஸ்டாண்ட் இருக்க வேண்டிய இடத்தில் படகுத் துறை. பெட்டியை எக்ஸ்ரேயில் விட்டு மது பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்பாவிடம் இருந்தது அல்வாவும் காரச்சேவும்தான். சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஸ்பீட் போட்டில் நாற்பது நிமிஷம். ரிசார்ட் வந்ததும் முதல் சிக்கல் கடிகாரத்தில். இந்தியாவில் மணி ஐந்து என்றால் மாலேயில் நாலரை. ஆனால் எங்கள் ரிசார்ட்டில் ஐந்தரை! விருந்தாளிகளுக்குச் சாயங்கால வெயில் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று, பல ரிசார்ட்டுகள் தங்கள் தீவில் மட்டும் முள்ளை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருக்கின்றன. "பணம் இருந்தா சூரியனையும் திருப்பலாம்" என்றார் அப்பா. தன் வாட்சை மட்டும் கடைசி வரை தூத்துக்குடி நேரத்திலேயே வைத்திருந்தார்.

இரண்டாவது சிக்கல் பாத்ரூம். நாலு பக்கமும் சுவர், நடுவில் ஒரு வாழை மரம், மேலே வானம். கூரை கிடையாது. "ஓடு போட காசு பத்தலியா?" என்று கேட்டார். இதற்குத்தான் காசு அதிகம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

காசு என்றதும் நினைவு வருகிறது. சாப்பாட்டு அட்டையில் ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தான். பி.காம். படித்தவனுக்கு ஒரு கூட்டல் குறி என்றாலே வயிற்றைக் கலக்கும். முதல் குறி பத்து சதவீதம் சேவைக் கட்டணம். இரண்டாவது குறி சுற்றுலா ஜி.எஸ்.டி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். அதுவும் சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகை மேல். நான் பேனாவை எடுப்பதற்குள் அப்பா, "நூறு டாலருக்கு நூத்தி இருபத்தெட்டு எழுபது" என்றார். இது போக, பசுமை வரி என்று ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். 2024 வரை ஆறாக இருந்தது. ரூமுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று அப்பா கேட்டார். நிஜத்தில் பாதியைச் சொன்னேன். அதற்கே அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதல் நாள் காலை டிபனுக்கு உலகத்தில் உள்ள அத்தனை ரொட்டியும் இருந்தது. அப்பா எல்லாவற்றையும் தாண்டி ஓர் ஓரத்தில் இருந்த மண்சட்டிக்குப் போய்விட்டார். அந்த ஊர்க்காரர்களின் காலை உணவு, 'மஸ் ஹுனி'. சூரை மீனைப் பிய்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள ரோஷி என்று சப்பாத்தி.

"ஏலே, இது மாசிச் சம்பல்லா!"

மூன்று தட்டு சாப்பிட்டார். அதிலிருந்த வெங்காயத் துண்டை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நம்ம ஊருதான்" என்றார் ஒரே போடாக.

நான் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. 1981-லிருந்து இந்தியா மாலத்தீவுக்கென்று தனியாக அத்தியாவசியப் பொருள் ஒதுக்கீடு வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் இரண்டு நாட்டுக்கும் வாய்த்தகராறு வந்து, நம் ஆட்கள் டிக்கெட்டை ரத்து செய்தார்களே, அதே வருஷம் ஏப்ரலில் அறிவித்த ஒதுக்கீடுதான் அதுவரை இல்லாத அளவுக்கு அதிகம். வெங்காயம் 35,749 டன். முட்டை 42 கோடியே 75 லட்சம் வரை. 2022 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை ஐந்தேகால் லட்சத்துக்கும் குறைவு. தலைக்கு வருஷத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம் முட்டை! வருஷத்துக்கு இருபது லட்சம் பேர் என்னைப் போல் வந்து ஆம்லெட் கேட்பதால் சரியாகப் போகிறது.

பட்டியலில் இன்னொன்றும் உண்டு. ஆற்று மணல், பத்து லட்சம் டன். சுற்றிலும் மணலாக உள்ள நாட்டுக்கு மணல் ஏற்றுமதி! இதை அந்த ரிசார்ட்டிலிருந்த கடல் உயிரியல் பெண்ணிடம் கேட்டேன். தினமும் சாயங்காலம் விருந்தாளிகளுக்கு மீன் பாடம் நடத்துகிறவர். இங்கே காலடியில் இருப்பது மண்ணே இல்லை, பவளம் பொடிந்தது என்றார். கிளி மூக்கு மாதிரி வாய் உள்ள ஒரு மீன், பவளப் பாறையைக் கொறித்துத் தின்று, பின்பக்கமாக மாவாக வெளியே விடுகிறது. 2015-ல் வக்காரு என்ற தீவில் ஆராய்ந்தவர்கள், புதிதாகச் சேரும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் அந்த மீனின் உபயம் என்று கண்டுபிடித்தார்களாம். அதை அள்ளினால் தீவே கரைந்துபோகும். கட்டடம் கட்ட ஆற்று மணல்தான் வேண்டும்.

நான் தமிழில் சொன்னதும் அப்பா உட்கார்ந்த இடத்தை விட்டு மெதுவாக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

மற்றபடி தீவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுற்றி வர இருபது நிமிஷம். கடல் அழகு, அதைப் புகைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். முழங்கால் தண்ணீரில் முழ நீளச் சுறாக்குட்டிகள் நம்மைக் கண்டு ஓடுகின்றன. எங்கு திரும்பினாலும் ஜோடிகள். எல்லோரும் ஒருவரை ஒருவர் படம் எடுத்தார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் எடுத்தபோது மட்டும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலை விழித்தால் அப்பாவைக் காணோம்.

கடற்கரையில் இல்லை. ரெஸ்டாரண்டில் இல்லை. புதருக்குப் பின்னால் 'பணியாளர் மட்டும்' என்று பலகை வைத்த பாதையில் போனேன். அங்கேதான் நிஜத் தீவு இருந்தது. ஜெனரேட்டர் கடகடக்கிறது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இயந்திரம், சின்னதாக ஒரு பள்ளிவாசல், கொடியில் வரிசையாக யூனிஃபார்ம்கள். ராத்திரி அன்னப் பறவை செய்த பையன் கைலியோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு சிமென்ட் துறை. அங்கே சாமான் படகு. அதன் பெயரும் திவேஹி மொழியில் 'தோணி'தான்.

படகிலிருந்து வங்கதேசத்துப் பையன்கள் மூட்டை இறக்குகிறார்கள். கரையில் ஸ்டோர்கீப்பர் பில்லும் கையுமாக நிற்கிறார். மன்னார்க்காரர், தமிழ் ஆள். அவருக்குப் பக்கத்தில் மடித்துக் கட்டிய வேட்டியோடு அப்பா. விரல் மூட்டை மூட்டையாகத் தொட்டுக்கொண்டே போகிறது.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

ஒன்று என்று சொல்ல மாட்டார்கள் அந்தக் காலத்து ஆட்கள். முதல் எண் லாபம்தான்.

"இருபத்திமூணு வெங்காயம்" என்றார் அப்பா.

"பில்லில இருபத்திநாலு கிடக்கு ஐயா. ஒண்டு குறைச்சுப் போட்டான் போல. மாலேக்கு எழுதுவம்" என்று ஸ்டோர்கீப்பர் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீரும்!"

அப்பா போட்ட சத்தத்தில் மூட்டை தூக்கிய பையன் அப்படியே நின்றுவிட்டான். எனக்கு விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டில் வெங்காய விலை ஏறும்போதெல்லாம் சொல்லப்படும் கதை அது. 1989-ல் மாலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இறக்கியதில் பன்னிரண்டு மூட்டை வெங்காயம் குறைகிறது என்று. ஏற்றும்போது எண்ணிக் கையெழுத்துப் போட்டது அப்பா. "ஏத்தினது சரி. எறக்கினவன் விட்டிருப்பான்" என்று சொல்லிப் பார்த்தார். முதலாளி கேட்கவில்லை. சம்பளத்தில் பிடித்தார்கள். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போய், வட்டி கட்ட முடியாமல் அங்கேயே மூழ்கிப் போனது. காசு போனதைவிட, தெருவில் இரண்டு பேர் "வெங்காயம் எங்கே போச்சு அண்ணாச்சி?" என்று கேட்டதுதான் அப்பாவுக்கு ஆறவில்லை.

"முதல்ல தோணிக்குள்ள பாரும். முழுசா பாத்துட்டு அப்புறம் எழுதும்" என்றார். குரல் நடுங்கியது.

ஸ்டோர்கீப்பர் நல்ல மனிதர். விருந்தாளி, வயசாளி வேறு. பையனை உள்ளே இறங்கச் சொன்னார். முட்டை அட்டைகளுக்குப் பின்னால், மடித்துப் போட்ட தார்ப்பாய்க்கு அடியில், எண்ணெய் டின்னுக்கு முட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தது இருபத்திநாலாவது மூட்டை.

அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியாலே?"

அதற்கு மேல் பேச வரவில்லை அவருக்கு. ஸ்டோர்கீப்பர் ஸ்டூல் எடுத்துப் போட்டு, கண்ணாடி டம்ளரில் சாயா கொடுத்தார். கூட்டல் குறி எதுவும் இல்லாத சாயா. "நீங்கள்தானே ஐயா எண்ணினீங்கள். ஒருக்கால் கையெழுத்து வையுங்கோ" என்று பில்லை நீட்டினார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'எண்ணிச் சரிபார்த்தேன்' என்று தமிழில் எழுதி, தேதி போட்டு, கீழே ஒரு கோடு இழுத்தார். பள்ளிக்கூட நாட்களில் என் ரேங்க் கார்டில் இழுத்த அதே கோடு.

பிறகு என் போனை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டார். தூத்துக்குடியில் அப்போதுதான் பால் காய்ந்துகொண்டிருக்கும் நேரம்.

"ஏ இவளே, கேட்டியா? தார்ப்பாய்க்கு அடியிலதான் இருந்திருக்கு!"

"எது?"

"வெங்காயம்! நான் எண்ணினது சரிதான்! எறக்கினவன் பாக்காம விட்டிருக்கான்!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

"சரி," என்றாள் அம்மா. "கம்மலை எப்ப திருப்பப் போறிய?"